மூலிகையில் மருந்து தேடும் கணிப்பொறி

கொசுக்களால் பரவும் நோய்களைப் பொறுத்தவரை நம் நாட்டின் நிலைமை ஒருபுறம் ஆறுதலும் மறுபுறம் கவலையும் தருவதாக உள்ளது. 2015-ஆம் ஆண்டில் 11.7 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 2.27 லட்சமாகக் குறைந்தது. ஆனால் 2013-இல் சுமார் 76 ஆயிரமாக இருந்த டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கை 2023-இல் 2.89 லட்சமாகப் பெருகியது. மலேரியாவுக்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கொல்ல மருந்துகள் உண்டு. டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்களை அழிக்கவல்ல மருந்து எதுவும் இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. காய்ச்சலைத் தணிப்பதும், உடலில் நீர் வற்றாமல் காப்பதும், இரத்தக் கசிவைக் கவனிப்பதுமே இன்றைய சிகிச்சையாகும்.

இந்நிலையில், நமது காடுகளிலும் வயல்வெளிகளிலும் விளையும் செடிகொடிகளின் வேதிப்பொருள்களுள் கொசுவையோ வைரஸையோ அடக்க வல்லவை உள்ளனவா என்பதைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராயும் முயற்சி பல பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் நடைபெற்று வருகிறது. இம்முறை எவ்வாறு இயங்குகிறது, அதனிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம், எங்கெங்கே எச்சரிக்கை தேவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வெற்றியும் அதன் பாடமும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் மலேரியா ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சமாக வீழ்ந்தது. ஆனால் இவ்வெற்றி நிலைக்கவில்லை. 1976-இல் அந்த எண்ணிக்கை 64 லட்சத்துக்கும் மேல் உயர்ந்தது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று, கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசு டி.டி.டி.யைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டதாகும்.

ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தால் கொசு அதற்குப் பழகிவிடும் என்பதே அந்நாள் தந்த பாடம். டி.டி.டி.க்குப் பின் வந்த மாலத்தியான் போன்ற கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளுக்கும், இன்று கொசுவலைகளிலும் கொசுவர்த்திச் சுருள்களிலும் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் இதே நிலை பல இடங்களில் ஏற்பட்டுள்ளது. ஆகவே புதிய வகை மருந்துகளை ஓயாமல் தேட வேண்டியுள்ளது.

வைரஸ் நோய்களின் வரலாறும் இத்தேவையை வலியுறுத்துகிறது. சிக்குன்குனியா 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் பரவிப் பின்னர் ஏறத்தாழ மறைந்தது போலிருந்தது. 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் தலைதூக்கி, 2006-இல் மட்டும் சுமார் 13.9 லட்சம் பேரைப் பீடித்தது. டெங்கு 1996-இல் தில்லியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கி, நானூறுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

தாவரங்கள் அளித்த மருந்துகள்

கொசுவால் பரவும் நோய்களுக்கு எதிரான சிறந்த மருந்துகளுள் பல தாவரங்களிலிருந்து வந்தவையே. சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எனப்படும் குயினைனை 1820-இல் பிரெஞ்சு நாட்டவரான பெல்லெத்தியேயும் கவான்துவும் பிரித்தெடுத்தனர். இம்மரம் 1860-களில் நீலகிரியில் பயிரிடப்பட்டது. ஒரு வகைச் சாமந்திப் பூவிலுள்ள பைரித்ரின் என்னும் பொருளைப் பின்பற்றியே பைரித்ராய்டு மருந்துகள் செயற்கையாக உருவாக்கப்பட்டன. நமது வேம்பின் விதையிலிருந்து அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-இல் பிரிக்கப்பட்டது. சிக்கலான அமைப்பைக் கொண்ட இம்மூலக்கூற்றை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகச் செயற்கை முறையில் தயாரிக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சீன விஞ்ஞானி தூ யூயூ அம்மையார் கண்டறிந்த ஆர்ட்டிமிசினின் மற்றொரு சான்றாகும். ஆர்ட்டிமிசியா என்னும் செடியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்னும் பழைய சீன மருத்துவ நூற்குறிப்பு அவருக்கு வழிகாட்டியது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாற்றை எடுத்ததும் பலன் கிட்டியது. இக்கண்டுபிடிப்புக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் இவ்வழி நெடியது. ஒரு செடியில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூய்மைப்படுத்தி, சோதித்துப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருட்செலவும் ஆகின்றன. எந்தப் பொருளை முதலில் சோதிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கவே கணிப்பொறி உதவுகிறது.

கணிப்பொறி செய்வது என்ன?

உயிரினங்களின் உடலில் நடைபெறும் வேலைகளைப் பெரும்பாலும் புரதங்களே செய்கின்றன. ஒவ்வொரு புரதமும் தனக்கே உரிய வடிவில் மடிந்திருக்கும். அதில் சிறு குழிவுகள் உண்டு. பூட்டின் துளையில் சாவி பொருந்துவது போல, அக்குழிவில் ஒரு சிறிய மூலக்கூறு பொருந்தினால் புரதத்தின் வேலை தடைப்படும். நொதிகளைப் பற்றி இவ்வுவமையை 1894-இல் கூறியவர் ஜெர்மன் அறிஞர் எமில் பிஷர்.

புரதத்தின் வடிவம் தெரிந்திருந்தால், எந்தச் சாவி அதற்குப் பொருந்தும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க முடியும். அவ்வடிவங்களை எக்ஸ்-கதிர் ஆய்வால் கண்டு, 1971-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புரதத் தகவல் வங்கியில் பதிவு செய்து வருகின்றனர். ஏழு வடிவங்களுடன் தொடங்கிய அவ்வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றை உலகில் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஒரு புரதத்தின் வடிவம் சரியாகக் கணிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றளவும் பயன்படுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்ட வரைபடமே என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

புரதம் பூட்டானால் சாவிக்கொத்தும் வேண்டுமல்லவா? சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் இந்திய மருத்துவத் தாவரங்களின் வேதிப்பொருள்களைத் தொகுத்து ஒரு தகவல் தொகுப்பை உருவாக்கியுள்ளது. 2018-இல் 1,742 தாவரங்களையும் 9,596 வேதிப்பொருள்களையும் கொண்டிருந்த இத்தொகுப்பு, அடுத்த பதிப்பில் 4,010 தாவரங்களையும் 17,967 வேதிப்பொருள்களையும் கொண்டதாக விரிவடைந்தது.

ஆராய்ச்சியாளர் முதலில் இலக்காகும் புரதத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் குழிவைக் கணிப்பொறியில் குறித்துக் கொடுக்கிறார். கணிப்பொறி ஒவ்வொரு மூலக்கூற்றையும் பல கோணங்களில் திருப்பியும் வளைத்தும் அக்குழிவில் பொருத்திப் பார்க்கிறது. மின்னேற்றங்களின் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்புகள், எண்ணெய்த் தன்மையுள்ள பகுதிகளின் ஒட்டுதல் ஆகியவற்றைக் கணக்கிட்டு, பிணைப்பு ஆற்றல் என்னும் மதிப்பெண்ணை வழங்குகிறது. ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் ஆகுமென்று வைத்துக்கொண்டால், 17,967 பொருள்களையும் ஒரே கணிப்பொறி பன்னிரண்டரை நாள்களில் முடித்துவிடும். நூறு கணிப்பொறிகள் பகிர்ந்துகொண்டால் மூன்று மணி நேரம் போதும். முன்னணியில் வரும் சிலவற்றுக்கு மட்டும், நீருக்குள் அப்பொருளும் புரதமும் எவ்வாறு அசைகின்றன, பிணைப்பு நிலைக்கிறதா என்பதை மேலும் நுணுக்கமாகக் கணக்கிடுவர்.

கொசுவின் உடலில் இலக்குகள்

கொசுவிடம் உள்ள எந்தப் புரதத்தைத் தாக்குவது? மனிதருக்கும் தேனீக்கும் மீனுக்கும் தீங்கின்றிக் கொசுவை மட்டும் பாதிப்பதே சிறந்த இலக்கு.

முதலாவது, நரம்புகளில் செயல்படும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. கொசுப்புழுக்களைக் கொல்ல நீர்த்தொட்டிகளில் இடப்படும் டெமிபாஸ் மருந்து இதைத்தான் முடக்குகிறது. ஆனால் இந்நொதி மனிதரிடமும் உண்டு. கொசுவின் நொதியில் குழிவின் வாயிலருகே கந்தகமுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் ஒன்று தனித்து நிற்கிறது. பாலூட்டிகளின் நொதியில் அவ்விடத்தில் அது இல்லை. அவ்வேறுபாட்டைப் பற்றிக்கொள்ளும் பொருள் கிடைத்தால் அது கொசுவுக்கு மட்டும் நஞ்சாகக்கூடும்.

இரண்டாவது, ஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளைச் சுமந்து செல்லும் புரதம். பூச்சிகளால் கொலஸ்டிராலைத் தம் உடலில் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். ஏடிஸ் எஜிப்தி கொசுவின் இச்சுமைதாங்கிப் புரதத்தின் வடிவம் 2003-இல் வெளியிடப்பட்டது. இதைத் தடுத்தால் புழு வளர்ச்சி குன்றி மடியும்.

மூன்றாவது, மணத்தை உணர உதவும் புரதங்கள். கொசு நமது வியர்வையின் மணத்தையும் மூச்சுக்காற்றையும் கொண்டே நம்மைத் தேடி வருகிறது. அதன் உணர்கொம்புகளிலுள்ள மணப் புரதங்களில் பொருந்தும் பொருள்கள் கொசுவை அண்டவிடாத களிம்பாகப் பயன்படக்கூடும்.

வைரஸில் இலக்குகள்

டெங்கு வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 10,700 எழுத்துகளே கொண்டது. அதிலிருந்து உருவாகும் ஒரே நீண்ட புரதச் சங்கிலி வெட்டப்பட்டு, பத்துப் புரதங்களாகப் பிரிகிறது. வெட்டும் வேலையின் பெரும் பங்கைச் செய்யும் என்.எஸ்.2பி–என்.எஸ்.3 என்னும் கத்தரி நொதியும், வைரஸின் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் என்.எஸ்.5 என்னும் நொதியுமே ஆராய்ச்சியாளர்கள் மிகுதியாக நாடும் இலக்குகள். சிக்குன்குனியாவில் அவ்விடத்தை என்.எஸ்.பி.2 என்னும் கத்தரி நொதி பெறுகிறது.

இலக்கைத் தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. வைரஸ்கள் விரைவில் மாறுபவை. 2005–06-இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. அதன் விளைவாக அவ்வைரஸ் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் மற்றொரு கொசுவிலும் எளிதாகப் பெருகலாயிற்று. 2007-இல் கேரளத்திலும் இம்மாற்றம் காணப்பட்டது. டெங்குவிலோ நான்கு வகைகள் உள்ளன. நான்கையும் அடக்காத மருந்தால் பயன் குறைவு. ஆகவே அடிக்கடி மாறாத பகுதிகளையே இலக்காகக் கொள்ள வேண்டும்.

மதிப்பெண் மருந்தாகாது

கணிப்பொறியின் பட்டியலில் முதலிடம் பெற்ற பொருளை மருந்து என்று அறிவிக்கும் கட்டுரைகள் நாளும் பெருகி வருகின்றன. மாணவர்களும், ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் அலுவலர்களும் இங்கேதான் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

முதற் குறை, மதிப்பெண்ணின் பிழை. பிணைப்பு ஆற்றலில் 1.4 கிலோ கலோரி வேறுபாடு என்பது, பிணைக்கும் வலிமையில் பத்து மடங்கு வேறுபாடாகும். இக்கணிப்புகளில் இரண்டு கிலோ கலோரி வரை பிழை நேர்வது இயல்பே. அதாவது, கணித்த வலிமை உண்மையில் முப்பது மடங்கு குறைவாகவும் இருக்கலாம். ஆகவே எட்டரை மதிப்பெண் பெற்ற பொருளுக்கும் ஒன்பது பெற்ற பொருளுக்கும் இடையே உயர்வு தாழ்வு கற்பிப்பது பொருளற்றது.

இரண்டாவது, பெரிய மூலக்கூறுகளுக்குக் கிடைக்கும் தகுதியற்ற சலுகை. அணுக்கள் மிகுந்த பொருள் புரதத்தைப் பல இடங்களில் தொடுவதால் அதன் மதிப்பெண் உயர்ந்துவிடுகிறது. சர்க்கரை இணைந்த ருட்டின் போன்ற பொருள்கள் எந்தப் புரதத்துடன் சோதித்தாலும் முன்னணியில் வருவது இதனாலேயே. ஆனால் அவை உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே செல்வது கடினம். மேலும் டெங்குவின் கத்தரி நொதியிலுள்ள குழிவு ஆழமற்றது; மின்னேற்றம் கொண்ட பொருள்களையே அது விரும்புகிறது. அத்தகைய பொருள்கள் சவ்வைக் கடப்பதில்லை.

மூன்றாவது, எதனோடும் ஒட்டிக்கொள்ளும் பொருள்கள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் இதற்கு எடுத்துக்காட்டு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் பல புரதங்களைத் தடுப்பது போலத் தோன்றினும், இது நிலையற்றது. உடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது.

நான்காவது, சல்லடையைப் பொருத்தமின்றிப் பயன்படுத்துவது. வாய்வழி உட்கொள்ளும் மருந்தின் மூலக்கூறு எடை 500-க்கு மேற்படலாகாது என்பது லிப்பின்ஸ்கி 1997-இல் வகுத்த விதிகளுள் ஒன்று. அசாடிராக்டினின் எடை 720. இவ்விதியைக் கண்மூடித்தனமாகக் கடைப்பிடித்திருந்தால் வேம்பு முதற் சல்லடையிலேயே தள்ளப்பட்டிருக்கும். மனிதர் விழுங்கும் மாத்திரைக்கான விதியை, குட்டையில் தெளிக்கும் புழுக்கொல்லிக்குப் பொருத்தலாகாது.

ஆய்வுக்கூடமும் களமும்

கணிப்பொறி தேர்ந்த பொருள் அடுத்து ஆய்வுக்கூடத்தில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும். கொசுப்புழுக்கொல்லிகளைச் சோதிக்க உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நெறிமுறை எளியது. 100 மில்லி லிட்டர் நீரில் 25 புழுக்களை விட்டு, பல்வேறு அளவுகளில் மருந்திட்டு, 24 மணி நேரத்துக்குப் பின் மடிந்தவற்றை எண்ண வேண்டும். மருந்திடாத நீரிலும் அதே எண்ணிக்கையில் புழுக்களை விட்டு ஒப்பிட வேண்டும். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்யலாம். கணிப்பொறிக் கணக்கோடு நின்றுவிடுவதற்கு வசதிக் குறைவு எப்போதும் காரணமாக முடியாது. அடுத்த கட்டமாக, கொசுப்புழுக்களைத் தின்னும் மீன்களுக்குத் தீங்குண்டா, வெயிலில் மருந்து எத்தனை நாள் தாங்கும், செலவு கட்டுப்படியாகுமா என்பவற்றைக் களத்தில் அறிய வேண்டும். அசாடிராக்டின் சூரிய ஒளியில் விரைவில் சிதைவது அதன் பயனைக் கட்டுப்படுத்தும் ஒரு முக்கியக் குறையாகும்.

வைரஸ் மருந்துகளின் சோதனை இன்னும் கடினமானது. ஆஸ்திரேலிய மரமொன்றின் விதையிலுள்ள கேஸ்டனோஸ்பெர்மின் என்னும் பொருளிலிருந்து செய்யப்பட்ட செல்கோசிவிர், உயிரணுக்களிலும் எலிகளிலும் டெங்குவை நன்கு அடக்கியது. சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2014-இல் வெளியாயின. மருந்தால் தீங்கு இல்லை. ஆனால் காய்ச்சலும் வைரஸின் அளவும் குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை. டெங்கு நோயாளி மருத்துவமனையை அடையும் வேளையில் வைரஸின் பெருக்கம் தானே தணியத் தொடங்கிவிடுவதும் இத்தகைய சோதனைகளுக்குப் பெரும் இடையூறாகும்.

நம் நாட்டிலும் ஊக்கமளிக்கும் பணிகள் நடந்துள்ளன. வட்டத்திருப்பி என்னும் கொடியின் சாறு டெங்குவின் நான்கு வகைகளையும் உயிரணு வளர்ப்பில் தடுப்பதையும், சோதனை எலிகளைக் காப்பதையும் புதுதில்லியில் உள்ள பன்னாட்டு மரபுப் பொறியியல் மையத்தின் விஞ்ஞானிகள் 2015-இல் வெளியிட்டனர். இப்பணி மரபுவழி மருத்துவ அறிவிலிருந்தும் நேரடிச் சோதனையிலிருந்தும் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் காய்ச்சல் காலங்களில் வழங்கப்படும் நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் பொருளும் உயிரணு வளர்ப்புகளில் இவ்வைரஸ்களுக்கு எதிராகச் செயல்படுவது கண்டறியப்பட்டுள்ளது. எனினும் உயிரணுவில் கண்ட பலன் நோயாளியிடமும் கிட்டும் என்பதற்குச் செல்கோசிவிரின் வரலாறு உறுதி தரவில்லை.

அறிவுக்கு உரியவர் யார்?

மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் வழக்கால் 1997-இல் நீக்கப்பட்டது. வேம்பின் பூஞ்சைக்கொல்லிப் பண்புக்கான ஐரோப்பியக் காப்புரிமையும் 2000-இல் நீக்கப்பட்டது. இவற்றைத் தொடர்ந்து 2001-இல் மரபறிவு மின்னூலகமும், 2002-இல் உயிரினப் பன்மைச் சட்டமும் தோன்றின. அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்தில் ஜீவனி என்னும் மருந்து உருவாயிற்று; உரிமத் தொகையில் பாதியை அம்மக்களுக்கு ஒதுக்க வகை செய்யப்பட்டது.

முன்பு ஆராய்ச்சியாளர் காட்டுக்குச் சென்று, அங்குள்ளோரைக் கேட்டு, இலையைப் பறித்து வர வேண்டியிருந்தது. இன்று உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தகவல் தொகுப்பிலிருந்து மூலக்கூற்றின் வடிவத்தைப் பெற்றுவிடலாம். இலையைப் பறிக்காமலே பயன் பெறுபவரிடம் பங்கு கேட்பது எப்படி என்னும் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை காண வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆராய்ச்சி நிதி வழங்குவோர், கணிப்பொறித் தேர்வுடன் ஆய்வுக்கூடச் சோதனையையும் ஒரே திட்டத்தில் இணைக்குமாறு வற்புறுத்தலாம். பொருந்தாத பொருள்களையும் கணிப்பொறி சரியாக ஒதுக்குகிறதா என்பதைக் காட்டும் ஒப்பீட்டை ஒவ்வொரு ஆய்விலும் கேட்கலாம். தோல்வியுற்ற சோதனைகளையும் வெளியிடச் செய்தால், அடுத்தவர் அதே பொருளில் காலத்தையும் பணத்தையும் இழக்க மாட்டார். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்தி ஆராய்ச்சி நிலையம், புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் போன்றவற்றின் சோதனை வசதிகள் மாவட்டக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் எட்டுதல் வேண்டும்.

பல்லாயிரம் பொருள்களை ஐம்பதாகச் சுருக்கித் தருவது கணிப்பொறியின் பணி. அந்த ஐம்பதில் பயன் தரும் ஒன்று உண்டா என்பதை நீரில் நீந்தும் புழுவும், உயிரணுவில் பெருகும் வைரஸும், இறுதியில் நோயாளியின் உடலுமே சொல்ல முடியும். அத்தகைய மருந்து கிடைக்கும் நாள் வரையிலும், கிடைத்த பின்னரும், ஏடிஸ் கொசு முட்டையிடும் நீர்த்தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதும், கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் ஒவ்வொரு வீட்டாரும், ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் இன்றே செய்யக்கூடியவை.